தலைமை முளைக்கும் இடம்

(ஆலயத் தொண்டூழியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தலைமைத்துவம் பற்றிப் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்தனர். இத்தலைப்பில் பேசுவோர் பெரும்பாலும் தலைவராகும் வழியைச் சொல்லித் தருவர். அது எனக்குக் கைவராத கலை. யாரும் நியமிக்காத ஒருவர் பின்னால் பத்துப் பேர் தாமாகவே திரண்டு வேலை செய்யத் தொடங்கிவிட்டால், ஏற்கெனவே பதவியில் இருப்போர் என்ன செய்யவேண்டும் என்பதையே இன்று உங்களோடு சிந்திக்க விழைகிறேன்.

நம் முன்னோர் வாழ்ந்த தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். மேட்டில் துரையின் பங்களா, அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள், அடுத்துக் கங்காணி, அடியில் லயங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் வாசிக்கப்படும். வேலை, கூலி, வீடு, மருந்து, பிள்ளையின் படிப்பு ஆகிய யாவும் மேற்படியிலிருந்தே இறங்கி வரவேண்டும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் இதற்கு விலக்கன்று. பல தோட்டங்களில் முதல் மரியாதை யாருக்கு என்பதும் அந்த ஏணியின் படிகளைப் பொறுத்தே அமைந்தது.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. 'தமிழ் நேசன்' நாளிதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் தொழிலாளர்க்குத் துணை நின்றார். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும்; பெண்களைத் துன்புறுத்துவது நிற்கவேண்டும்; கள்ளுக்கடைகளை மூடவேண்டும்; சங்கம் அமைக்க உரிமை வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அப்பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரில் வரும்போது மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்ல அனுமதிக்கவேண்டும் என்பதே அது. ஒரு காசும் செலவாகாத கோரிக்கை! கூலி உயர்வுக்குப் பேரம் பேசிய நிர்வாகங்களுக்கு இதனை ஏற்பதே அதிகக் கசப்பாய் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவ்வாண்டு மே மாதம் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். தலையை அகற்றினால் உடல் ஓய்ந்துவிடும் என்பது ஆட்சியாளர் போட்ட கணக்கு. கைதுக்குப் பிறகு வேலைநிறுத்தம் மேலும் பல தோட்டங்களுக்குப் பரவியது. அதனை அடக்கப் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர். நாதனின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு லயத்திலும் ஆட்களைத் திரட்டியவர் யார்? வேலையின்றி இருந்த நாட்களில் யார் வீட்டு அரிசியை யாரோடு பகிர்வது என்று முடிவு செய்தவர் யார்? அவர்களுக்குப் பதவியும் இல்லை, பெயரும் இல்லை.

பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்தது. துரைமார் சிலர் தப்பினர், பலர் சிறைப்பட்டனர். 1943இல் நேதாஜி வந்தபின், தோட்டத்து இளைஞர் பலர் இந்திய தேசிய இராணுவத்திலும் பெண்கள் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்து அணிவகுக்கப் பழகினர். 1945இல் துரை திரும்பி வந்தார். பழைய கீழ்ப்படிவு திரும்பி வரவில்லை. கெடாவில் பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி முன்னிற்கத் தொண்டர் படை எழுந்தது. கள் ஒழிப்பே அதன் முதற்பணி. தோட்டம் தோட்டமாக அது பரவியது. 1947இல் காவல்துறையோடு மோதல்கள் நேர்ந்து அப்படை ஒடுக்கப்பட்டது.

அவர்களைக் குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. குடிப்போரைத் தாமே விசாரித்துத் தண்டிக்கவும் அவர்கள் துணிந்தார்கள். தானாக முளைத்த குழுவும் ஒரு குட்டித் துரைத்தனமாக மாறக்கூடும். இதனையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஓர் ஆலயத்தில் நான் செயலாளராக இருந்த காலம். வெள்ளிக்கிழமை அன்னதானத்தை ஏழெட்டு இளைஞர்கள் நடத்தி வந்தனர். தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்த ஒரு பெண்பிள்ளையின் சொல்லையே அவர்கள் கேட்பார்கள். அண்டா எப்போது இறங்கவேண்டும், முதியவர்க்கு முதலில் பரிமாறுவது யார், மீந்த சோறு எந்த இல்லத்துக்குப் போகவேண்டும் என்பன யாவும் அப்பிள்ளைக்கு அத்துப்படி. எனக்கோ ஒழுங்குமுறையில் பெரும் பற்று. அன்னதானத் துணைக்குழு ஒன்றை அமைத்து, நிர்வாகத்திலிருந்து ஒருவரைத் தலைவராக நியமித்து, இனி எல்லாவற்றுக்கும் அவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறவேண்டும் என்று கடிதம் கொடுத்தேன். தட்டச்சில் ஒரு பிழையும் இல்லாத கடிதம்.

யாரும் சண்டையிடவில்லை. அடுத்த வெள்ளி வரவில்லை, அவ்வளவே. மூன்று வாரம் நிர்வாகத்தினராகிய நாங்களே அண்டா கழுவினோம். நான்காம் வாரம் அன்னதானம் நின்றது. அப்பிள்ளையின் வீட்டுக்குச் சென்றபோது, "மாமா, நாங்க தப்பு பண்ணிட்டோமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டது. விடை சொல்ல என்னால் இயலவில்லை.

நிர்வாகம் வேண்டாம் என்பது என் கருத்தன்று. சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்பவும், உண்டியல் சாவிக்குப் பொறுப்பேற்கவும், நிலத்துக்கு ஆவணம் காக்கவும் தேர்ந்தெடுக்கப்பட்டோர் இருந்தே ஆகவேண்டும். ஆயினும் பெரியபுராணத்து அடியார்களை நினைத்துப் பாருங்கள். திருநீலகண்டர் குயவர், அதிபத்தர் மீனவர், திருக்குறிப்புத் தொண்டர் வண்ணார். எந்தக் குழுவும் அவர்களுக்கு நியமனக் கடிதம் கொடுக்கவில்லை. தொண்டு முந்தியது, பெயர் பிந்தியது.

ஆகவே நிர்வாகத்தினர்க்கு ஒரு விண்ணப்பம். தண்ணீர்ப் பந்தலையும் அன்னதானத்தையும் இப்போது நடத்தி வருவோர் யாரென்று நம் எல்லார்க்கும் தெரியும். அவர்களுக்கு மேலே ஒருவரை அமர்த்தாமல், அவர்களே தம்முள் ஒருவரைத் தெரிந்து, மாதக் கூட்டத்தில் பேச அனுப்பட்டும். செலவுக்கான தொகையை முன்கூட்டியே அவர்கள் கையில் கொடுத்து, மாத முடிவில் கணக்கை மட்டும் கேட்போம். இத்தீர்மானத்தை வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முன்மொழிய எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்; கூட்டம் முடிந்ததும் காலணி வைக்குமிடத்தருகே நிற்பேன்.