கப்பலில் வருவது யாருக்கு?

(கூட்டுறவாளர்களும் சிறு வியாபாரிகளும் கூடிய வகுப்பில் ஆற்றிய உரை)



இறக்குமதி என்றதும், அது கொழும்புத் துறைமுகத்தின் விவகாரம், பெரிய கம்பனிக்காரரின் விவகாரம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அது தவறு. பாணுக்கு வேண்டிய கோதுமை, தேநீரில் கலக்கும் பால்மா, படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய், வயலுக்கு வீசும் யூரியா ஆகிய எல்லாம் கடல் கடந்து வருபவையே. ஆகவே இலங்கையின் இறக்குமதிப் பட்டியலை வாசிக்க நாமும் பழக வேண்டும்.

மத்திய வங்கி இறக்குமதியை மூன்று பெரும் பிரிவுகளாக வகுக்கிறது. முதலாவது, நுகர்வுப் பொருட்கள். பால்மா, பருப்பு, சீனி, மருந்து, சொந்தப் பாவனைக்கான கார் முதலியவை இதில் அடங்கும். இரண்டாவது, இடைநிலைப் பொருட்கள். எரிபொருள், துணி, உரம், கோதுமை, இரசாயனப் பொருட்கள் போன்றவை இதில் வரும். மூன்றாவது, முதலீட்டுப் பொருட்கள். யந்திரங்களும் கட்டடப் பொருட்களும் இந்தப் பிரிவைச் சேர்ந்தவை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டில் இறக்குமதிக்கு நாடு கொடுத்தது ஏறத்தாழ 2,060 கோடி டொலர். ஏற்றுமதியால் வந்தது ஏறத்தாழ 1,250 கோடி டொலர். இடையிலுள்ள பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? மத்திய கிழக்கில் உழைக்கும் நம் சகோதர சகோதரிகள் அனுப்பும் பணம், உல்லாசப் பயணிகள் தரும் பணம், இவை போதாதபோது அந்நியக் கடன்!

"மக்கள் அந்நியப் பொருளில் மோகம் கொண்டு நாட்டைக் கெடுத்துவிட்டார்கள்" என்று சிலர் உபதேசம் செய்கிறார்கள். பட்டியல் வேறு கதை சொல்கிறது. அந்த ஆண்டின் இறக்குமதியில் நுகர்வுப் பொருட்களின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஐந்தில் மூன்று பங்கு இடைநிலைப் பொருட்கள். அதாவது, நம் ஆலையும் வயலும் வண்டியும் ஓடுவதற்கு வேண்டியவை.

அவற்றுள் தலையானது எரிபொருள். 2021இல் ஏறத்தாழ 370 கோடி டொலர். அடுத்தது துணிவகை, ஏறத்தாழ 300 கோடி டொலர். ஆடைகளையும் துணிவகைகளையும் விற்று நாடு பெற்றது ஏறத்தாழ 540 கோடி டொலர். கட்டுநாயக்காவில் தையல் யந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண் சம்பாதித்துத் தரும் டொலரில் பெரும் பகுதி, துணி வாங்கவே மீண்டும் கடல் கடந்துவிடுகிறது. துணியை நிறுத்தினால் டொலர் மிஞ்சாது; அவள் வேலைதான் போகும்.

பெயரைக் கண்டும் ஏமாறக் கூடாது. கோதுமை "இடைநிலைப் பொருள்" என்ற தலைப்பில் இருக்கிறது. இங்கே அரைத்து மாவாக்குகிறார்கள் என்பதே காரணம். ஆனால் அதுவே தோட்டத் தொழிலாளியின் ரொட்டி, நகரத்துக் கூலியாளின் பாண். பேக்கரி வைத்திருக்கும் நண்பருக்கு மூலப்பொருள்; அவரிடம் வாங்குபவருக்கு உயிர்.

பட்டியலை வாசிக்காமல் கத்தரித்தால் என்ன நடக்கும்? 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நெல் விளைச்சல் விழுந்தது. அரிசியை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. உரமின்மை இதற்கு முக்கிய காரணம். கொழுந்து குறைந்தால் தோட்டத்தில் அரைப்பேர்தானே விழும்? டொலரை மிச்சம் பிடிக்கப் போய், டொலர் தரும் செடியையே பட்டினி போட்டார்கள்!

2022 ஏப்ரல் 12ஆம் திகதி அந்நியக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றாகியது. படகு கரையில் கிடந்தது. முச்சக்கரவண்டி வரிசையில் கிடந்தது. கடைக்காரரின் தட்டு வெறுமையாயிற்று.

நம் நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1952இல் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்தோம். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது என்பது ஏற்பாடு. நம்மிடம் உள்ளதைக் கொடுத்து வேண்டியதைப் பெறும் வழி அது. மறு ஆண்டிலேயே, 25 சதமாக இருந்த கூப்பன் அரிசிக் கொத்தை 70 சதமாக உயர்த்தினார்கள். 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் எழுந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அரிசி வந்தால் மட்டும் போதாது, அது மக்கள் கைக்கு எட்டும் விலையில் வரவேண்டும் என்பதை அன்றே மக்கள் உணர்த்தினார்கள்.

ஆகவே எந்த வியாபாரத்தில் இறங்கினாலும், எந்தச் சங்கத்துக்குச் சரக்கு எடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்தச் சரக்கு எந்தப் பிரிவைச் சேர்ந்தது? டொலர் தட்டுப்பட்டால் முதலில் நிற்பது இதுவா? இதை நம் மண்ணிலேயே பெற வழி உண்டா? 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியாருக்கு மீண்டும் திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட ஐந்தாண்டுகள் புதிய வாகனத்தையே நம்பியிருந்தவர் என்ன செய்திருப்பார்? பழைய வாகனத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கோ கையில் வேலை இருந்தது.

நான்காவது கேள்வியை அரசாங்கத்திடம் கேட்போம். கத்தரிக்கோலை எடுக்கும்போது முதலில் வெட்டுவது எதை? சொகுசுக் காரையா, உர மூட்டையையா? மருந்துக்கும் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வேண்டிய டொலரை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு மற்றவர்கள் போட்டியிடட்டும்!

கப்பலில் வரும் சரக்கின் விலையைக் கடைசியில் கொடுப்பவர்கள் நாம். அந்தப் பட்டியலின் வரிசையைத் தீர்மானிப்பதிலும் நம் குரல் கேட்க வேண்டும். அதற்கு முதற்படி, அதை நாம் வாசிப்பது. இன்றே தொடங்குவோம், தோழர்களே!