இலங்கைக் கல்லில் பிறந்த ஈயம்

களுபோவில ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றும் சேலைன் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது? சோடியம் குளோரைட்டு, 0.9 சதவீதம். லீற்றருக்கு ஒன்பது கிராம் உப்பு. இப்படிப் பெயரிடும் முறையை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். நேரேற்றம் கொண்ட கற்றயன் முதலில், எதிரேற்றம் கொண்ட அனயன் பிறகு. சோடியத்துக்கு ஒரே ஏற்றம்தான், எண் தேவையில்லை. ஈயத்துக்கு இரண்டும் உண்டு, நான்கும் உண்டு. அதனால் 'ஈயம் இரண்டு குளோரைட்டு' என்கிறோம். கேட்டவுடனே, ஓர் ஈய அயனுக்கு இரண்டு குளோரைட்டு அயன் என்று சூத்திரத்தை எழுதிவிடலாம்.

ஆனால் அந்த ஈய அணுவின் பாரத்தைப் பெயர் சொல்லாது. ஈயம் எல்லாம் ஒரே பாரமல்ல என்று உலகம் அறிந்ததில் நம் தீவுக்குப் பெரும் பங்கு உண்டு.

கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞராகவே நினைக்கிறோம். அவர் இலங்கைக் கனிமவியல் ஆய்வின் பணிப்பாளராகவும் இருந்தவர். சப்ரகமுவவில் கிடைத்த ஒரு கறுப்புக் கனிமத்தை அவர் யுரேனினைட்டு என்று கருதினார். இங்கிலாந்தில் இரசாயனவியலாளர் டன்ஸ்டன் அதைப் பகுத்தபோது பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்று தெரிந்தது. 1904இல் தோரியனைட்டு என்ற பெயர் வந்தது. அடுத்த ஆண்டே இரசாயனவியலாளர் ஓட்டோ ஹான் அதிலிருந்து ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டெடுத்தார்.

1913இல் இரசாயனவியலாளர் பிரெடரிக் சொடி சமதானி என்ற கருத்தை முன்வைத்தார். ஒரே தனிமத்தின் அணுக்களில் அணுவெண் ஒன்றே, திணிவெண் வேறு. சான்று வேண்டுமே! தோரியம் 232, ஆறு அல்பாத் துணிக்கைகளை விட்டால் திணிவில் 24 குறைந்து 208 ஆகும். அணுவெண் 90இல் 12 குறையும், நான்கு பீற்றாச் சிதைவுகள் நான்கைக் கூட்டும், 82. அது ஈயம். ஆகவே தோரியம் மிகுந்து, யுரேனியம் குறைந்த கல்லிலுள்ள ஈயம் பாரமாக இருக்கவேண்டும். அதைச் சோதிக்க, தோரைட்டு என்ற இன்னோர் இலங்கைத் தோரியக் கனிமம் வாய்த்தது. 1914இல் சொடியும் ஹைமனும் அந்த ஈயம் பாரம் கூடியதென்று காட்டினார்கள். பின்னர் இரசாயனவியலாளர் ஹோனிக்சிமிட் அதன் அணுத்திணிவை அளந்தபோது கிடைத்தது 207.77, சாதாரண ஈயம் 207.2. யுரேனியத் தாதுக்களின் ஈயமோ பாரம் குறைந்தது என்று ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலாளர் ரிச்சர்ட்ஸ் கண்டார். இந்த ஈயங்களில் எதைக் குளோரைட்டாக்கினாலும் பெயர் 'ஈயம் இரண்டு குளோரைட்டு'தான்.

ஆசிரியர்களே, சமதானிப் பாடத்தில் காபன் 12, காபன் 14 உடன் ஈயம் 208ஐயும் கரும்பலகையில் எழுதுங்கள். அந்தக் கழித்தல் கூட்டலைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும்.