வயிற்றுப் பசியா, மனசின் பசியா?

சாப்பிட்டுக் கை கழுவி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கை முறுக்கு டப்பாவைத் தேடுகிறது. இது வயிற்றுப் பசி இல்லை. மனசின் பசி.

1980களில், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டி உடல் எடை குறைக்கும் சிகிச்சை நடத்தினார். எடை நன்றாகக் குறைந்தவர்களிலேயே பலர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டார்கள். ஏன் என்று விசாரித்தார். பலருக்கும் சின்ன வயதில் மனசில் பட்ட காயம் இருந்தது. சாப்பாடுதான் அவர்களுக்கு ஆறுதல்.

நாமும் வீட்டில் இதைத்தான் பழக்குகிறோம். அழுகிற பிள்ளையிடம் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்காமல், கையில் பிஸ்கட்டைக் கொடுக்கிறோம். துக்கம் வந்தால் தின்ன வேண்டும் என்று பிள்ளை பழகிக்கொள்கிறது.

மனசின் பசிக்குச் சாப்பாடு மருந்தாகாது. உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். நம்பிக்கையானவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். தேவையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.