பால் கொடுத்தார்கள், நிலத்தைக் கொடுத்தார்களா?



ஆலன் பேட்டனின் 'க்ரை, தி பிலவ்ட் கன்ட்ரி' நாவலைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் கண் கலங்கப் பேசினார்கள். தென்னாப்பிரிக்காவின் ஒரு மலைக் கிராமத்துப் பாதிரியார் குமாலோ, மகனைத் தேடி ஜோகன்னஸ்பர்க் போகிறார். மகன் கொலைக் குற்றவாளியாக நிற்கிறான். செத்தவரோ கறுப்பு மக்களுக்காகப் பேசியும் எழுதியும் வந்த ஒரு வெள்ளைக்காரர். படித்தால் நெஞ்சு கனக்கத்தான் செய்யும். ஆனால் "பட்டணத்துக்குப் போன பிள்ளை கெட்டுப் போனான்" என்று ஒரு நண்பர் கதையைச் சுருக்கினாரே, அதை என்னால் ஏற்க முடியாது. பிள்ளை ஏன் பட்டணம் போனான்? யார் போக வைத்தது? அதைக் கேட்காமல் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாமா?

நிறவெறி ஆட்சி 1948ல் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இந்த நாவல் வெளிவந்தது 1948 பிப்ரவரியில். அந்த ஆட்சியை அமைத்த தேசியக் கட்சி தேர்தலில் வென்றது அதே ஆண்டு மே மாதத்தில். அப்படியானால் நாவலில் வருகிற அந்தச் செத்த மண், கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் மட்டும் மிஞ்சிய அந்த ஊர், அதெல்லாம் எந்தச் சட்டத்தின் வேலை?

1913ஆம் ஆண்டு ஜூன் 19. பூர்வகுடிகள் நிலச் சட்டம். மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாக இருந்த கறுப்பு மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் நாட்டில் ஏறக்குறைய 7 சதவீதம். அந்த எல்லைக்கு வெளியே வெள்ளையரிடமிருந்து நிலம் வாங்கவும் கூடாது, குத்தகைக்கு எடுக்கவும் கூடாது. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டில் தலைமுறை தலைமுறையாக வாரத்துக்கு உழுத குடும்பங்களுக்கு இரண்டே வழி: பண்ணையாருக்குக் கூலியாளாகக் கிட, இல்லாவிட்டால் வெளியே போ. 1936ல் இன்னொரு சட்டம் வந்து, 13 சதவீதம் வரை தரலாம் என்றது. அதையும் முழுதாகத் தரவில்லை.

சால் பிளாட்ஜே என்றொரு கறுப்புப் பத்திரிகையாளர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தச் சாலைகளில் போனார். ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு, தங்க இடமில்லாமல் குளிரில் அலைந்த குடும்பங்களைப் பார்த்தார். ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை வழியிலேயே இறந்துவிட்டது. புதைக்க இடம் வேண்டும். எந்த நிலத்தில் தோண்டினாலும் அது யாரோ ஒரு வெள்ளையரின் நிலம். இரவு வரும்வரை காத்திருந்து, சொந்தக்காரன் கண்ணில் படாமல், திருட்டுத்தனமாகக் குழி தோண்டிப் பெற்ற பிள்ளையைப் புதைத்தார்கள். தாய்மார்களே, சட்டம் என்ற சொல்லைக் கேட்கும்போது இந்தக் குழியை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாட்ஜே இதை 1916லேயே புத்தகமாக எழுதிவிட்டார். லண்டன் வரை போய் முறையிட்டும் பிரிட்டிஷ் அரசு கைகொடுக்கவில்லை.

இனி அந்த ஏற்பாட்டின் சூத்திரத்தைப் பாருங்கள். நிலத்தைக் குறுக்கினார்கள். தலைவரியும் குடிசை வரியும் போட்டார்கள். வரியைப் பணமாகத்தான் கட்ட வேண்டும், பணமோ தங்கச் சுரங்கத்தில்தான் கிடைக்கும். ஆண்கள் போனார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு திறன் வேலைகளை வெள்ளையர் வைத்துக்கொண்டார்கள்; பாறை உடைக்கிற வேலை கறுப்பருக்கு. குடும்பத்தைக் கூட்டி வர முடியாது, வேலிபோட்ட ஆண்கள் கொட்டடியில்தான் படுக்க வேண்டும். வெள்ளையரின் தேவைக்கு மட்டும் கறுப்பர் நகரத்துக்குள் வரலாம், தேவை தீர்ந்தால் வெளியேற வேண்டும் என்று 1922ல் ஒரு விசாரணைக் குழு எழுதியது. மறுவருடமே நகர்ப்புறச் சட்டம் வந்தது. சட்டைப்பையில் பாஸ் என்ற அனுமதிச்சீட்டு இல்லாவிட்டால் சிறை. ஊரிலோ, சின்ன நிலத்தில் அளவுக்கு மீறிய மாடு மேய்ந்து, மேல்மண் மழையில் கரைந்து ஓடியது. நாவலில் அந்த மண் சிவந்து கிடப்பதை இயற்கையின் கோபம் என்று வாசிக்காதீர்கள். அது பாராளுமன்றத்தில் கையெழுத்தாகி வந்த வறட்சி!

பேட்டன் இதைக் கண்ணால் கண்டவர். 1935 முதல் டீப்க்ளூஃபில் கறுப்புச் சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளியின் தலைவராக இருந்தவர். முள்வேலியைப் பிடுங்கி எறிந்தவர். 1946 ஆகஸ்ட்டில் சுரங்கத் தொழிலாளர் பல்லாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள், போலீஸ் அடித்தும் சுட்டும் ஒடுக்கியது. அடுத்த மாதம் நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் உட்கார்ந்து பேட்டன் இந்த நாவலைத் தொடங்கினார். அந்த மனிதரின் நேர்மைமேல் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவரோடு மல்லுக்கு நிற்கிறேன். நாவலில் அந்தக் கொலையில் மகனை இழந்த வெள்ளைப் பண்ணையார், ஊர்க் குழந்தைகளுக்குப் பால் அனுப்புகிறார், அணை கட்ட ஏற்பாடு செய்கிறார், விவசாயம் சொல்லித்தர ஆளை வரவழைக்கிறார். பெரிய மனசுதான். பால் வந்தது, குழந்தைகள் பிழைத்தன. நிலம் வந்ததா? மலை உச்சியில் அவருடைய செழித்த பண்ணை அப்படியே இருக்கிறது, பள்ளத்தாக்கில் இவர்களுடைய மண் அப்படியே இருக்கிறது. சட்டம் பறித்ததைத் தருமம் திருப்பித் தராது. பறித்த சட்டத்தை ரத்து செய்தாக வேண்டும்!

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1860லிருந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் ஏராளமானோர் தமிழர். அதே 1913ல், ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மேல் போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து நம் மக்கள் எழுந்தார்கள். அந்தப் போராட்டத்தில் கைதான தில்லையாடி வள்ளியம்மை பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, விடுதலையான சிறிது காலத்திலேயே 1914 பிப்ரவரியில் உயிர் விட்டாள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்தான் பேட்டன் பிறந்த ஊர். அப்போது அவருக்குப் பதினோரு வயது. வரி நீங்கியது, பெருமைப்படுகிறோம். ஆனால் அதே 1913ல் நிலம் பறிபோன கறுப்பு மக்களின் வழக்கை நம் போராட்டம் தன் வழக்காக எடுத்துக்கொள்ளவில்லை. வள்ளியம்மையின் படத்துக்கு மாலை போடுகிற மேடையில் இதையும் சேர்த்தே பேச வேண்டும். 1950ல் குழுப் பகுதிகள் சட்டம் வந்த பிறகு, டர்பன் தமிழர்களின் வீடுகளும் கோயில் வாசல்களும் அதே வழியில் பறிபோயின.

1948க்குப் பிறகு நடந்ததை விரிக்க நேரமில்லை. கலப்பு மணத் தடை, இனப் பதிவு, தனித்தனி பெஞ்சு, ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டதில் 69 உயிர். எல்லாம் பழைய அஸ்திவாரத்தின் மேல் எழுப்பிய சுவர்கள். நிலச் சட்டங்கள் 1991ல்தான் நீங்கின.

1994ல் மண்டேலாவின் அரசு நில மீட்புச் சட்டம் கொண்டுவந்தது. எந்தத் தேதிக்குப் பிறகு நிலம் இழந்தவர் உரிமை கோரலாம் என்று அதில் எழுத வேண்டியிருந்தது. 1948 என்று அவர்கள் எழுதவில்லை. 1913 ஜூன் 19 என்று எழுதினார்கள். மாணவத் தோழர்களே, நாவலைக் கையில் எடுக்கும்போது அதன் முதல் பக்கத்தில் அந்தத் தேதியைப் பென்சிலால் குறித்துவிட்டுப் படியுங்கள்.