எண்ணப்படுவோர் எண்ணட்டும்!

(படிப்பகத் திறப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையிலே பேசியதை ஏட்டிலே படிக்கும் உங்களுக்காகச் செப்பனிட்டுத் தருகிறேன். கைத்தட்டல் வாங்க அல்ல. வேலை ஒன்றைக் கையிலே கொடுக்க!

நாடகக்காரன் நான், காட்சியின்றிக் கருத்துரைக்க வராது. எனவே ஒரு காட்சி.

ஓலைக் குடிசை. வாசலிலே ஒரு தாய். எதிரே, பட்டணத்திலிருந்து வந்த ஆராய்ச்சியாளர், கையிலே கேள்வித்தாள்.

"மாத வருமானம் எவ்வளவு, அம்மா?"

"நடவு இருக்கற மாசத்தைச் சொல்லட்டுமா ஐயா, அடுப்பு எரியாத மாசத்தைச் சொல்லட்டுமா?"

கேள்வித்தாளிலே அதற்குக் கட்டமில்லை! ஏதோ ஓர் எண் எழுதப்படுகிறது. எழுதியவர் எழுந்து போகிறார். அந்த எண் அறிக்கையாகிறது, அறிக்கை திட்டமாகிறது, திட்டம் திரும்பி வரும்போது, தாயின் குடிசையைத் தாண்டிப் போய்விடுகிறது.

காட்சி முடியவில்லை. அதே குடிசையிலே ஒரு மகள். பொருளாதாரத்திலே முதுகலைப் பட்டம் பெற்றவள். பட்டத்தாள் குடும்ப அட்டையோடு தகரப் பெட்டியிலே உறங்குகிறது. அந்தக் கேள்வித்தாளிலே எந்தக் கட்டம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் காலை எட்டரை மணிக்கு அவள் ஜவுளிக் கடைக்குப் போயாக வேண்டும். ஆராய்ச்சி செய்ய அறிவிருக்கிறது. அரிசி வாங்கப் பணமில்லை!

ஏழையைப் பற்றி ஆராய ஏராளமானோர் உண்டு. ஏழை ஆராய்வதற்குத்தான் வழியில்லை. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

"வயிற்றுக்குச் சோறு கேட்க வேண்டிய கழகத்தான், ஆராய்ச்சிக்கு உதவித்தொகை கேட்கிறானே!" என்று சிலர் கேலி பேசக்கூடும். அவர்கட்கு ஒன்று சொல்வேன். வன்னியர்க்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த சட்டத்தை 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியபோது, போதிய புள்ளிவிவரம் இல்லை என்பதை ஒரு காரணமாகச் சொல்லிற்று. உரிமையைக் கேட்டால் "கணக்கெங்கே?" என்கிறது மன்றம். கணக்கெடுப்பவனை வளர்க்காத சமுதாயம், கணக்குக் கேட்கப்படும் நாளிலே கைவிரித்து நிற்கும். ஆகவே, ஆராய்ச்சி என்பது அறிஞர்களின் பொழுதுபோக்கன்று; நமது வழக்கின் சான்றுக் கட்டு!

ஓர் உதவித்தொகை என்ன செய்யும்? 1913ஆம் ஆண்டைப் பாருங்கள். பம்பாயிலிருந்து ஓர் இளைஞர் நியூயார்க் செல்கிறார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகை, மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுகளுக்கு. கொலம்பியா பல்கலைக் கழகத்திலே 1916 மே மாதம் அந்த இளைஞர் ஒரு கட்டுரை படிக்கிறார். எதைப் பற்றி? இந்தியாவின் சாதிகள் பற்றி! எவனைச் சாதி மிதித்ததோ, அவனே சாதியை ஆய்வுமேசையிலே கிடத்தினான். அவர்தான் அண்ணல் அம்பேத்கர்.

அடுத்து இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியிலே விட்டுத் திரும்ப நேர்ந்தது. பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் தந்த கடன் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு 1920இல் மீண்டும் கப்பலேறினார். ரூபாயின் சிக்கல் பற்றிய அவர் ஆராய்ச்சி நூலாக வெளிவந்தது 1923இல். இடையிலே போன ஆண்டுகளைப் பறித்தது எது? அறிவின்மையா? அல்ல, பணமின்மை! அம்பேத்கருக்கே இந்த நிலை என்றால், நமது தகரப் பெட்டிப் பட்டதாரி எந்த மூலை!

இப்போது 2022க்கு வாருங்கள். ஆதிதிராவிடர் உள்ளிட்ட மாணவர் வெளிநாடு சென்று படிக்க டில்லி அரசு தரும் தேசிய உதவித்தொகை ஒன்று உண்டு. ஆண்டுக்கு 125 இடங்கள். அந்த ஆண்டு வெளியான விதிகளிலே ஒரு வரி நுழைந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமுதாயம் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்தத் தொகை இல்லை! "அதற்கான நூல்களும் வல்லுநர்களும் இங்கேயே உள்ளனரே" என்பது அவர்கள் சொன்ன சமாதானம்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அந்த விதி 1913இல் இருந்திருந்தால், கொலம்பியாவில் சாதி பற்றிக் கட்டுரை படிக்க அம்பேத்கருக்கு அனுமதி உண்டா? ஒடுக்கப்பட்டவன் உலகைப் படிக்கலாம். தன்னை ஒடுக்கியதைப் படிக்கக் கூடாதா? இதன் பெயர் சிக்கனமா, அச்சமா?

உள்நாட்டு நிலை என்ன? "நெட்" தகுதித் தேர்விலே முன்வரிசை பெற்றால் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000, ஈராண்டுக்குப் பின் ரூ.42,000. நல்ல தொகை, மறுக்கவில்லை. ஆனால் வாயிற்படியைப் பாருங்கள். மொழிப் பாடங்கள் நீங்கலாக வினாத்தாள் இரண்டே மொழிகளில்: ஆங்கிலம், இந்தி. பாட்னாவின் பிள்ளைக்குத் தாய்மொழியிலே கேள்வி. பரமக்குடியின் பிள்ளைக்கு அயல்மொழியிலே கேள்வி! தேர்வு ஒன்று, தராசு இரண்டு!

தேறாதவர்க்கு? மத்தியப் பல்கலைக் கழகங்களில் சேர்ந்தோர்க்கு மாதம் ரூ.8,000 வழங்கும் ஏற்பாடு இருந்தது. 2015 அக்டோபரிலே அதையும் நிறுத்துவதாக முடிவு வந்தது. மாணவர்கள் டில்லியிலே பல்கலைக் கழக மானியக் குழு அலுவலக வாசலில் இரவு பகலாய் அமர்ந்தார்கள், அடிபட்டார்கள், அசையவில்லை. தொகை தொடரும் என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. அந்த எட்டாயிரமும் மாநிலப் பல்கலைக் கழக மாணவனுக்குக் கிடையாது என்பதையும் மறவாதீர்.

சிறுபான்மை மாணவர்க்கான மவுலானா ஆசாத் உதவித்தொகை 2022 டிசம்பரிலே நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே பெற்று வந்தோர்க்குத் தொடரும் என்றார்கள். அவர்களோ 2025இல் மாதக்கணக்கிலே பணம் வராமல் தவித்தார்கள். தாளிலே உதவி, தட்டிலே பட்டினி!

பணம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும். கேள்வி கேட்பது ஒரு கலை. விடையைச் சரிபார்ப்பது மற்றொரு கலை. சென்னைப் பல்கலைக் கழகத்திலே கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் 1915இல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். மாணவர்களை வகுப்பறையிலே அடைத்து வைக்கவில்லை. கேள்விப் பட்டியல் கொடுத்து, கிராமங்களை ஆராய்ந்து வரச் சொன்னார். அவை 1918இல் நூலாயின. அவற்றுள் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. 1930களிலும், 1980களிலும், 2008லும் ஆய்வாளர்கள் அங்கே மீண்டும் சென்றார்கள். நிலம் எவரிடமிருந்து எவரிடம் போயிற்று, கூலி எப்படி மாறிற்று, சேரி எப்படி நிமிர்ந்தது என்று ஒரு நூற்றாண்டின் கதையை அந்த ஓர் ஊர் சொல்கிறது. மாணவன் கையிலே கொடுத்த கேள்வித்தாளின் ஆற்றல் அது!

நமது நாட்டிலே வாய்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1969இல் அமைந்த இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் முனைவர் பட்ட மாணவர்க்கு உதவித்தொகை தருகிறது. அதன் பொருளுதவியோடு கல்வி நிலையங்கள் பத்து நாள் ஆராய்ச்சி முறைப் பயிற்சி நடத்துகின்றன. யுனெஸ்கோவிலே உயர்பதவி வகித்துத் திரும்பிய மால்கம் ஆதிசேசையா, 1971இல் தம் பொருளைக் கொடுத்துச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை அடையாற்றிலே நிறுவினார். கதவுகள் உண்டு. ஆனால் கதவு இருக்கும் தெரு எது என்று நம் பிள்ளைக்குச் சொல்வார் யார்?

இதை நான் புத்தகத்திலே படித்துச் சொல்லவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற அறிவிப்பு, அலுவலக அறைக்குள்ளே ஒட்டப்பட்டிருந்தது. நான் அதைக் கண்ட நாள், கடைசி நாளுக்கு மறுநாள்! என்னை வெளியேற்றியது வறுமை மட்டுமன்று. ஒரு நாள் தாமதமாக வந்த செய்தி.

ஆகவேதான் இந்த வேலை. ஒன்று: ஒவ்வொரு படிப்பகத்திலும் ஒரு கரும்பலகை. எந்த உதவித்தொகை, எந்தப் பயிற்சி, கடைசி நாள் எது என்று வாரந்தோறும் எழுதுங்கள். நம் ஏட்டிலே வரும் என் பேச்சைக் கூட வெட்டி ஒட்ட வேண்டாம், அறிவிப்பை ஒட்டுங்கள்! இரண்டு: உங்கள் ஊரின் முதுகலைப் பட்டதாரிகளின் பட்டியல் எடுங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வாங்க அவர்களோடு அலுவலகத்துக்கு நடங்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூன்று: கோரிக்கை எழுப்புங்கள். மாநிலப் பல்கலைக் கழக ஆய்வாளர்க்கும் உதவித்தொகை. மாதத்தின் முதல் வாரத்திலே பணம். தகுதித் தேர்வு தமிழிலும். ஆய்வுப் பயிற்சி மாவட்டந்தோறும். தன் சமுதாயத்தை ஆராயத் தடை போடும் விதி நீக்கம். ஆள்வோர் எவராயினும், நம்மவரேயாயினும், கேட்போம்!

மீண்டும் அந்தக் குடிசை வாசல். இம்முறை கேள்வித்தாளோடு வருபவள் அந்த மகள். தாளிலே ஒரு புதுக் கட்டம் இருக்கிறது: அடுப்பு எரியாத மாதங்கள் எத்தனை?

தாய் சொல்கிறாள். மகள் எழுதுகிறாள். அந்த எண்ணைப் பொய்யென்று சொல்ல எந்த மன்றத்துக்குத் துணிவு வரும்?

அந்தக் காட்சியை நான் மேடையிலே எழுதிக் காட்டிவிடுவேன். ஒரு மணி நேர வேலை. ஊரிலே நடத்திக் காட்ட வேண்டியவர்கள் நீங்கள். கரும்பலகை வாங்கிவிட்டீர்களா, தோழர்களே?