இரண்டாவது சோதனை வரை இருங்கள்

நெஞ்சுவலி என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறோம். உடனே ஈசிஜி எடுக்கிறார்கள். நார்மல் என்கிறார்கள். "அப்பாடா, வெறும் வாயுதான்!" என்று கிளம்பிவிடாதீர்கள். முதல் ஈசிஜியும் முதல் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தாலும் மாரடைப்பு இருக்கலாம்.

ஏன் தெரியுமா? இதயத் தசை பாதிக்கப்பட்டால், ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். அதன் அளவு ஏறச் சில மணி நேரம் ஆகலாம். அடுப்பில் வைத்த பால் வைத்தவுடனே பொங்குவதில்லை, அதுபோலத்தான். அதனால்தான் டாக்டர் ஈசிஜியையும் ரத்தப் பரிசோதனையையும் மறுபடி எடுக்கச் சொல்கிறார்.

நீங்களும் உதவலாம். வலி எப்போது தொடங்கியது என்று தெளிவாகச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள், இவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். மூச்சுத்திணறல், வியர்வை, மேல்வயிற்று வலி மட்டுமே தெரியலாம். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

மறந்துவிடாதீர்கள். முதல் சோதனை மட்டும் போதாது. டாக்டர் இருக்கச் சொன்னால், இரண்டாவது சோதனை முடியும்வரை இருங்கள். வீட்டுக்கு வந்தபின் வலி திரும்பினால், தயங்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.