பதிவேட்டில் இல்லாதவரின் பாட்டு



இரத்தினபுரி மாவட்டத்து எஹலியகொட மழை மிகுந்த ஊர். அவ்வூரைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களில் மழை என்பது அடுப்படியைத் தொடும் செய்தி. மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்ட இயலாது. பால் வெட்டாத நாளிற் 'பேர்' இல்லை. தோட்டத்து வழக்கில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலையைக் குறிக்கும் சொல். பாதி வேலைக்கு அரைப் பேர். இவ்வாறு நாள்தோறும் பேர் பெற்று வாழ்ந்த மக்களுக்கு, நாட்டின் பதிவேட்டில் மட்டும் நெடுங்காலம் பேர் இல்லாதிருந்தது. அந்த இல்லாமையை அவர்தம் பாடல்கள் எவ்வாறு தாங்கி நின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து கங்காணிமார் இவர்களை அழைத்து வந்தபோது, இரு கரைகளும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. வந்த இடத்தில் இவர்களை முதலிற் கட்டிவைத்த தாள் 'துண்டு' என்பது. கங்காணிக்குப் பட்ட கடனைக் குறித்த சீட்டு அது. துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் ஏற்காது. 1921ஆம் ஆண்டில் அம்முறை ஒழிந்தது. ஆயின், தாளின் ஆட்சி ஒழியவில்லை.

நாடு சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் பிறந்தது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் இங்குப் பிறந்தவர் என்றோ நிறுவவேண்டும் என்றது அச்சட்டம். 1949ஆம் ஆண்டின் சட்டமோ, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்துக் காம்பராவில் மருத்துவிச்சியின் கையிற் பிறந்த பிள்ளைக்குச் சான்றுப் பத்திரம் எங்கிருந்து வரும்? ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

இங்கேதான் பாடலின் பெருமை விளங்குகின்றது. தமிழ்த் தாலாட்டின் இயல்பு யாது? பாட்டன் பெருமையைச் சொல்லும். மாமன் சீரைச் சொல்லும். அத்தை அடித்தாளோ என்று வினவும். ஒப்பாரியோ மறைந்தவர் வந்த வழியையும், பட்ட பாட்டையும், விட்டுச்சென்ற சுற்றத்தையும் ஒவ்வொன்றாக எண்ணும். சட்டம் கேட்ட தலைமுறைக் கணக்கு இம்மக்களிடம் இருக்கவே செய்தது. அது தாளில் இல்லை, தாலாட்டில் இருந்தது. எந்த அதிகாரியும் அதைச் சான்றாக ஏற்கவில்லை என்பது வேறு கதை.

பாடல்கள் யாவும் கண்ணீர்ப் பாடல்களே என்று எண்ணுதல் தவறு. கங்காணியை எள்ளும் பாட்டுண்டு. கணக்கப்பிள்ளையின் கணக்கைக் கேலி செய்யும் பாட்டுண்டு. முகத்துக்கு நேரே சொன்னால் பேர் வெட்டப்படும். பாட்டாகச் சொன்னால், இயற்றியவர் யார் என்று எவரைப் பிடிப்பது? பெயரின்மை பாடியவர்க்குக் காவலாயிற்று. அதுவே இழப்பும் ஆயிற்று. பாட்டு நின்றது, அதைக் கட்டியவளின் பெயர் மறைந்தது.

மறைந்து பாடிய பாட்டை மேடைக்குக் கொண்டு வந்தவர் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள். 1939ஆம் ஆண்டில் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிகளாயிருந்த இந்தியர் நீக்கப்பட்டனர். மறு ஆண்டு, இந்தியரது இலங்கை வாழ்வின் நிலையைப் பாடும் அவரது நூல் வெளிவந்தது. மக்கள் அறிந்த மெட்டுகளில் உரிமையைக் கேட்டார் அவர். பிற்காலத்தில், தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த பெருமை கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளைக்கு உரியது. 1947ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சென்றவர் அவர்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் முடிவாகும் என்றனர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மற்றொரு நாட்டுக்கும் உரியவராயினர். இறந்தவர்க்கே உரிய ஒப்பாரி, உயிரோடு பிரிந்து தலைமன்னாருக்குச் செல்வோர்க்கும் பொருந்தலாயிற்று.

இஃது ஒரு தீவின் துயரம் மட்டும் அன்று. அதே 1948ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு விமானம் வீழ்ந்தது. மெக்சிக்கோவுக்குத் திருப்பியனுப்பப்பட்ட தொழிலாளர் 28 பேர் அதில் மாண்டனர். செய்தி சொன்ன வானொலி அவர்தம் பெயர்களைச் சொல்லவில்லை. 'நாடு கடத்தப்பட்டோர்' என்றதோடு அமைந்தது. அது கண்டு மனம் கொதித்த வுடி கத்ரி என்னும் பாடகர் ஒரு பாட்டெழுதினார். அப்பாட்டு அவர்களை மறக்கவிடவில்லை. 2013ஆம் ஆண்டில், பிரெஸ்னோ நகரத்து இடுகாட்டில் அவர்களுடைய பெயர்கள் கல்லிற் பொறிக்கப்பட்டன. பெயருக்காக ஒரு பாட்டு அறுபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தது என்று சொல்லலாம் அன்றோ?

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கிற்று. தாள் வந்துவிட்டது. ஆனால் பாட்டு போய்க்கொண்டிருக்கின்றது. தேயிலை மலையிற் பெண்கள் நிரையாக நின்று கொழுந்தெடுப்பர். ஒருத்தி தொடங்கினால் மற்றவர் தொடர்வர். இறப்பர்க் காட்டிலோ ஒவ்வொருவரும் தத்தம் மரங்களோடு தனியே நிற்பர். ஆதலால் எஹலியகொடப் பகுதியிற் பாட்டு வாழ்வதற்குரிய இடங்கள் தொட்டிலும், காமன் கூத்துத் திடலும், இழவு வீடுமே. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் லயங்களில் தமிழ் கற்கும் வாய்ப்புக் குறையக் குறைய, பாட்டியின் ஒப்பாரி பேத்திக்கு விளங்காததாகின்றது.

லயத்தில் ஒரு முதியவள் இருந்தால், அவள் பாடுவதைப் பள்ளிப் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். பாட்டின் அடியில் அவளுடைய பெயரையும், அவள் தாயின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும் எழுதட்டும். வாழ்நாளெல்லாம் பேருக்காக உழைத்தவளின் பெயர், அவளுடைய பாட்டின் கீழேனும் நிலைக்கவேண்டும்.